ராஜவேல் பிடித்த மெஷின்

ஞாயிற்றுக்கிழமைகளில் பவானி கோபத்தோடுதான் எழுந்திருப்பாள். மற்ற நாட்களில் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லுக்குக் கணக்கு எழுதப் போய்விடுவதால் தப்பித்துக்கொள்வாள். ஞாயிறன்று தப்ப வழியில்லை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவள் தம்பி பாலகுமார் தன்னுடைய மரமறுக்கும் மெஷின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கயிற்றை இழுத்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பான். அப்படி ஓடவிடாமல் வைத்திருந்தால் உள்ளே பிசின் கட்டிவிடுமாம்.

சிதம்பரத்தில் ஒருவன் பழைய ரேடியோ சேர்க்கிறான், ஒருவன் பழைய ஸ்கூட்டர் சேர்க்கிறான் என்றால் யாரும் வியக்கமாட்டார்கள். பாலகுமார் சேர்ப்பது செயின்சா. கடலூர் முதுநகரின் பழைய இரும்புக் கடைகளிலும் பண்ருட்டி மரவாடிகளிலும் செத்துக் கிடந்தவற்றையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவான். பிரித்து டீசலில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பான். பெட்ரோல் மூடிக்கு அடியில் வெயில் படாமல் தங்கிப்போன வண்ணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதே வண்ணத்தைக் கடையில் கலக்கச் சொல்லி வாங்கி வந்து அடிப்பான். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். கேரளாவிலிருந்துகூட ஆட்கள் வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். ஆயுதபூஜைக்கு அத்தனைக்கும் சந்தனம், குங்குமம். அன்று மட்டும் பவானி கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

அவள் புருஷன் ராஜவேலைக் கொன்றது அப்படி ஒரு மெஷின்தான்.

தானே புயல் அடித்து ஓய்ந்த மறுவாரம். பண்ருட்டி ரோடு முழுக்கப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரங்களை அப்புறப்படுத்தும் கான்ட்ராக்ட் கண்ணாயிரத்துக்கு. பவானியின் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், மாமா முறை. கிடைத்த பழைய மெஷினையெல்லாம் வாங்கிவந்து கிடைத்த ஆளின் கையில் கொடுத்தார். ராஜவேல் ஒரு பலாமரத்தின் கிளைக்குள் மெஷினை விட்டபோது அது எகிறித் திரும்பிக் கழுத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால் வண்டி போக ரோடு இல்லை. அந்த ரோட்டைத் திறக்கத்தான் அவன் போயிருந்தான்.

மெஷின் எகிறினால் நிறுத்துவதற்கென்றே முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கும். எகிறுகிற வேகத்தில் கை அதில் மோதும், செயின் சட்டென்று நின்றுபோகும். அதற்குச் செயின் பிரேக் என்று பெயர். போலீசிடம் கண்ணாயிரம் சொன்னது இதுதான்: பிரேக் எல்லாம் சரியாக இருந்தது, ஆள்தான் போதையில் இருந்தான், அந்தக் களேபரத்தில் மெஷினை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். கரண்ட் இல்லாத, தண்ணீர் இல்லாத அந்த வாரத்தில் ஒரு சாவை யாரும் துருவிப் பார்க்கவில்லை.

ராஜவேல் குடிக்காதவன் என்று பவானி யாரிடமும் வாதாடியதில்லை. குடிப்பான். அன்று குடிக்கவில்லை. அவள் போட்டுக்கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். இதை அவள் சொன்னபோது புருஷன் ஊரான திருவதிகையில் ஒருவரும் நம்பவில்லை. முதல் ஆளாக நம்பாதவள் மாமியார் தைலம்மாள். "குடிச்சிட்டுப் போறவனை வாசல்ல நிறுத்தத் துப்பில்ல, இவல்லாம் ஒரு பொண்டாட்டி" என்று தெருவே கேட்கச் சொன்னாள். வருஷத் திதிவரைகூடப் பவானி அந்த வீட்டில் தங்க முடியவில்லை. தம்பியிடம் வந்துவிட்டாள்.

அந்தத் தம்பிதான் இரண்டு வருஷம் கழித்து முதல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். "எப்படிடா ஒனக்கு மனசு வந்துச்சு?" என்று கேட்டாள். "மிஷின் மேல தப்பு இல்லக்கா" என்றான். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

இந்த ஞாயிறு, பாலகுமார் நாலாவது மெஷினை அணைத்த நேரத்தில் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் கண்ணாயிரம். இப்போது கான்ட்ராக்டர் இல்லை. கிள்ளைக்குப் பக்கத்தில், பிச்சாவரம் போகிற ரோட்டில், ஓட்டல் கட்டிக்கொண்டிருக்கிறார். டிரைவர் ஒரு சாக்கு மூட்டையைக் கொட்டகைக்குள் இறக்கினான்.

"இன்னாடா மாப்ள இது, கொட்டாயா கசாப்புக் கடையா? எங்க பாத்தாலும் பல்லாத் தொங்குது!"

"வாங்க மாமா" என்றான் பாலகுமார். முறை இருக்கிறதே, வேறென்ன சொல்வது?

அதே முறைக்காகத்தான் பவானியும் உள்ளே போய் டீ வைத்தாள். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே இருப்பது ஒரு தகரம். பேசுவதெல்லாம் அடுப்படியில் கேட்கும்.

"அவுத்துப் பாரு. ஒனக்குன்னே கொண்டாந்தது."

சாக்கு உரசும் சத்தம். பிறகு பாலகுமார் மூச்சை இழுக்கும் சத்தம். "மாமா, இந்த மாடல் நம்ம ஜில்லாவுலயே இல்ல. நான் எத்தினி வருஷமாத் தேடறேன்!"

"எங்கூட்டு மாட்டுக்கொட்டாய்ப் பரண்ல கெடந்துச்சு. யாரு புடிச்ச மிஷின்னு நெனைக்கிற? நம்ம ராஜவேல் புடிச்சது. அதாண்டா ஒன்கிட்ட கொண்டாந்தேன். வெளியாளுன்னா ஏனோதானோன்னு செய்வான். நீன்னா பாசமாச் செய்வ."

பவானி டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது டம்ளரையும் நிரப்பினாள்.

"விஜயதசமிக்குத் தெறப்பு விழா" என்று கண்ணாயிரம் தொடர்ந்தார். "ஊர்ல எல்லாவனும் ரிப்பன் வெட்டறான். நாம வாசல்ல குறுக்க ஒரு சவுக்குக் கட்டையை வக்கிறோம். வர்ற பெரிய மனுஷர் இந்த மிஷினால அறுத்துட்டு உள்ள வர்றாரு. எப்படி? அப்பறம் கண்ணாடிப் பொட்டில வச்சி, தானே புயலில் மக்களுக்காக உழைத்த மெஷின்னு போர்டு. அதுல ராஜவேல் பேரும் வரும். நான் மறக்கற ஆளா?"

பாலகுமார் மெஷினைத் தரையில் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு மாப்ள. பெரிய மனுஷர் கையில குடுக்கறோம். முன்னாடி அந்த பிரேக்கு தட்டு கண்டிப்பா மாட்டிடு. அப்ப நான் கழட்டிக் கடாசுனது எங்க போச்சோ. ஏடாகூடமா எகிறிச்சுன்னு வையி, நம்ம பேரு நாறிடும்."

பவானி இரண்டு டம்ளரையும் தட்டில் வைத்துக் கொட்டகைக்குள் போனாள். ஒன்றை அவரிடம் நீட்டினாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவர் ஒரு வாய் குடித்துப் போதும் என்று தலையாட்டும்வரை காத்திருந்தாள்.

"பிரேக்கை யாரு கழட்டுனது மாமா?"

கண்ணாயிரம் டம்ளரைப் பார்த்தார்.

"அட, பவானி இருக்கியா? ஞாயித்துக்கெழம மில்லு லீவா?"

"யாரு கழட்டுனது?"

"ஏம்மா, அப்பல்லாம் எல்லாரும்தான் கழட்டுனாங்க. பலாக் கெளைக்குள்ள வுட்டா கொப்பு தட்டித் தட்டி நின்னுடும். ரோட்டைத் தொறடா தொறடான்னு ஆபீசருங்க உசுர எடுக்கறாங்க. நின்னு நின்னு ஓட்டுனா வேலையாவுமா?"

"எங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா அது?"

"கேட்டான். பாத்து ஓட்டுடான்னேன்."

"கேட்டாரா?" பவானியின் குரல் உயர்ந்தது. "பிரேக்கு எங்கன்னு கேட்டவரா குடிச்சிருந்தாரு?"

"ஏய், அதெல்லாம் பழங்கத..."

"குடிச்சான்னு ஏன் சொன்னீங்க?"

"பின்ன இன்னான்னு சொல்றது?" கண்ணாயிரத்துக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் கழட்டுனேன்னு சொல்லிட்டு உள்ள போயி உக்காரச் சொல்றியா? செத்தவன் செத்துட்டான். எனக்குப் பொண்ணுங்க இல்லியா, குடும்பம் இல்லியா?"

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அவள் நெஞ்சுக்குள் வைத்துக் காய்ந்துகொண்டிருந்த கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஏதோ பெரிய கதை இருக்கும், விரோதம் இருக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தாள். ஒன்றுமில்லை. மழைக்கு ஒதுங்குகிறவன் கையில் கிடைத்ததைத் தலைக்கு மேல் பிடிப்பதுபோல ராஜவேலின் பெயரைப் பிடித்திருக்கிறார்.

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவன் கை மெஷின் மேல் இருந்தது. கட்டைவிரல் நகம் பெட்ரோல் மூடிக்குக் கீழே அழுக்கை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஆரஞ்சு வண்ணம் தெரிந்தது.

"கைய எடுடா!"

பாலகுமார் சுட்டுக்கொண்டவன்போல எடுத்தான்.

"இல்லக்கா, நான் சும்மா..."

"சும்மாவா? ஒன் மச்சான் ரத்தத்துக்குக் கீழ இன்னா கலருன்னு பாக்கறியா? பாசமாச் செய்வேன்னு மாமா சரியாத்தான் ஒன்ன எடை போட்டு வச்சிருக்காரு!"

"மாப்ள, மூட்டையைக் கட்டு" என்றார் கண்ணாயிரம். "பாண்டிச்சேரில ஒருத்தன் இருக்கான். அவன்கிட்டக் குடுத்துக்கறேன்."

டிரைவர் குனிந்தான். அதற்குள் பவானி மெஷினின் கைப்பிடியைப் பற்றித் தூக்கிவிட்டாள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக அப்படி ஒன்றைத் தொடுகிறாள். இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை. இதைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டா அறுத்தான்?

"குடும்மா அதை. என் மிஷின்."

"உங்க மிஷினா? அதை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னு எழுதிக் குடுத்தீங்களே. போங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கே போங்க. தொலைஞ்ச மிஷினு பவானி வூட்ல இருக்கு, வாங்கிக் குடுங்கன்னு சொல்லுங்க. எப்படிக் கெடைச்சுதுன்னு கேப்பாங்க. அதையும் சொல்லுங்க."

கண்ணாயிரம் பாலகுமாரைப் பார்த்தார். "இன்னாடா மாப்ள, பொம்பளையப் பேச வுட்டுட்டு நிக்கிற?"

பாலகுமார் நடந்து வந்து அக்காவுக்கு முன்னால் நின்றான். "டீ ஆறிப்போச்சு மாமா. கெளம்புங்க" என்றான்.

கார் போன பிறகு அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, அதை நான் ஒண்ணும் செய்யமாட்டேன். எண்ணெய் மட்டும் தடவி வச்சிடறேன். துரு தின்னுடும்."

"தொட்ட, இந்தக் கொட்டாய்ல ஒரு மிஷின் மிஞ்சாது. உடுத்திக்கிட்டு வா. திருவதிகை போறோம்."

சாக்கோடு பஸ் ஏறினார்கள். கடலூரில் மாறினார்கள். "இன்னாம்மா இது, பல்லு வெளிய தெரியுது, ஜனங்க கால்ல குத்தும்" என்று கண்டக்டர் சண்டைக்கு வந்தார். "என் வூட்டுக்காரர் சாமான்" என்றாள் பவானி. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் லக்கேஜ் டிக்கெட்கூடக் கேட்காமல் முன்னால் போய்விட்டார். வழியெல்லாம் அவள் யாரோடும் பேசவில்லை. கோபம் ஆறவில்லை. பதில் கிடைத்துவிட்டால் ஆறிவிடும் என்று நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

தைலம்மாள் வீட்டு நடையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கொட்டையின் பால் பட்டுக் கறுத்திருந்தது. மருமகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பவானி "நல்லாயிருக்கீங்களா" என்றுகூடக் கேட்கவில்லை. சாக்கை அவிழ்த்து மெஷினை அவள் முன்னால் வைத்தாள்.

"உங்க புள்ளையக் கொன்னது இதுதான். கண்ணாயிரம் பரண்ல இருந்துச்சு. கிள்ளைகிட்ட ஓட்டல் கட்டறாரு, அதுல கண்ணாடிப் பொட்டில வக்கப் போறாராம்."

தைலம்மாளின் கையிலிருந்த கட்டை நின்றது.

"இங்க பாருங்க. இந்த எடத்துல ஒரு தடுப்பு இருக்கணும். மிஷினு எகிறுனா நிறுத்தறது அதுதான். வேலை சீக்கிரம் முடியணும்னு கண்ணாயிரம் அதைக் கழட்டிட்டாரு. உங்க புள்ள பிரேக்கு எங்கன்னு கேட்டுருக்காரு. இன்னிக்கு அவரு வாயாலயே சொன்னாரு. தான் தப்பிக்கறதுக்குத்தான் குடிச்சான்னு சொன்னாராம். தோ, இவன் சாட்சி."

"ஆமாம்மா" என்றான் பாலகுமார்.

தைலம்மாள் வெகுநேரம் மெஷினைப் பார்த்தாள். பிறகு, "அப்ப எம்புள்ள அன்னிக்குக் குடிக்கலியா?" என்று கேட்டாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"சொன்ன."

"நம்புனீங்களா?"

தைலம்மாள் ஏதாவது சொல்லுவாள், கையைப் பிடிப்பாள், அழுவாள் என்று பவானி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிச் செய்தால் தட்டிவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். தைலம்மாள் அழவில்லை. கொட்டையை மூட்டையில் அள்ளிப்போட்டாள். கொட்டையை மூட்டையில் அள்ளிப்போட்டாள். புடவை மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்திப் பூட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டதற்குத் தெருவே கேட்கச் சொன்னாள்:

"எம்புள்ளையக் குடிகாரன்னு சொன்னவன் ஓட்டல் கட்டறானாம். பாத்துட்டு வரப் போறேன்!"

பிறகு பவானி பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எந்த பஸ்ஸு?"

"சிதம்பரம் போயி, கிள்ளை பஸ்ஸு" என்றாள் பவானி. அவளும் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினைத் திரும்பப் போட்டுக் கட்டிய சாக்கின் ஒரு முனையைத் தைலம்மாள் பிடித்தாள். பாலகுமார் வாங்க வந்தான். இருவருமே அவனிடம் கொடுக்கவில்லை.