ஓர் எழுத்தில் மறைந்த மெக்கானிக்

சேவை வரி அலுவலகத்து நோட்டீஸில் ஓர் எழுத்து மாறிப்போனதால், லிஃப்ட் மெக்கானிக் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போனார். பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு அவர் நாலரை வருடங்களுக்கு முன்பு கட்டாமல் விட்ட வரியைக் கேட்டு வந்த நோட்டீஸ் அது. அந்த அலுவலகம் எதையும் ஒன்றரை வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும், தாண்டினால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆனால் ஆள் வேண்டுமென்றே வருமானத்தை மறைத்திருந்தால் ஐந்து வருடம் வரை கேட்கலாம். ஆகவே தூசி தட்டி எடுத்த பழைய பாக்கி எதுவானாலும் கடைசியில் ‘மேற்படியார் மறைத்தார்’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பது அங்கே பழக்கம். டைப் அடித்தவர் அன்று த் போட வேண்டிய இடத்தில் ந் போட்டுவிட்டார். ‘மேற்படியார் மறைந்தார்’ என்ற காகிதத்தில் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டார், முத்திரை விழுந்தது, பதிவுத் தபாலில் போனது. சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை.

மெக்கானிக் அதை ஹாலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். செத்தவர்களுக்கு அல்லவா இப்படிப் போடுவார்கள் என்று கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் தடுமாறினார். அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்பது மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. “நிஜமாவே மறைச்சீங்களா?” என்று கேட்டபடி அவர் இடது புருவத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பொய் சொன்னால் அந்தப் புருவம் அரை அங்குலம் ஏறும். இருபத்தாறு வருடமாக இது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. “இல்லம்மா, மறந்துதான் போயிட்டேன்” என்று பதில் வந்தது. ஆனால் புருவம் இருக்க வேண்டிய இடத்தில் சுவர்க் காலண்டர் தெரிந்தது. ஒரு சட்டை, ஒரு பேண்ட், காற்றில் நிற்கும் மூக்குக்கண்ணாடி, இவ்வளவுதான் நாற்காலியில் மிச்சம்.

தொழிலுக்கு ஒன்றும் கெடுதல் வரவில்லை. சட்டை வந்தது, ஸ்பானரைத் திருகியது, லிஃப்ட் ஓடியது, போயிற்று. மெக்கானிக் இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஒரு மூன்றாம் மாடிக்காரர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். உறவினர் வீட்டு விசேஷங்களில் அவரால் தலை காட்ட முடியவில்லை. வெளியூரில் இருந்த மகள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் “அப்பா, கேமராவ உங்க பக்கம் திருப்புங்க” என்றாள். திருப்பித்தான் இருந்தது. அவர் இதையெல்லாம் சிரித்தே சமாளித்தார், சிரிப்புச் சத்தம் கேட்டதால் அப்படித்தான் சொல்ல வேண்டும். மனைவிக்குத்தான் சோறு இறங்கவில்லை. அன்று கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தானே கிடைத்திருந்தது. தன்னோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்த மனிதர் ஒரு விஷயத்தை மறைத்தாரா இல்லையா என்று தெரியாமலே அவள் ஆறு மாதம் துணி துவைத்தாள்.

பிழை இருப்பதை அலுவலகமும் கண்டுபிடித்தது. ஐந்து வருடக் கெடு முடிவதற்குள் திருத்தம் கொடுத்துவிட்டால் த் தன் இடத்துக்கு வந்துவிடும், மெக்கானிக்கும் வந்துவிடுவார், பாக்கியும் உயிர் பெறும். ஆனால் திருத்தத்தை உரியவரை ‘நேரில் கண்டு’ கொடுக்க வேண்டும் என்பது விதி. கண்காணிப்பாளர் வியாழக்கிழமைதோறும் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சட்டைக்கு எதிரே உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். நடுவில் தன் வீட்டு லிஃப்டின் சத்தத்தைப் பற்றியும் யோசனை கேட்டுக்கொண்டார். ஒரு தடவை சட்டைக்கை திருத்தத்தை மரியாதையாக வாங்கிக்கொள்ளக்கூடச் செய்தது. ‘நபரைக் கண்டீரா?’ என்ற கட்டத்தில் அவர் பெருமூச்சோடு ‘இல்லை’ என்றுதான் எழுதினார். நேர்மையான மனிதர், பாவம்.

கெடுவின் கடைசி நாள் மாலை நாலரைக்கு அவர் வேறு படிவத்தோடு வந்தார். கூடவே குடியிருப்பவர் ‘கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் செல்லுமாம். போட்டால் அந்த நிமிடமே மெக்கானிக்கின் முகம் திரும்பி வந்துவிடும். வட்டியும் அபராதமும் சேர்ந்து வீட்டை விற்க வேண்டி வரும். போடாவிட்டால் ஐந்து மணிக்குப் பாக்கி செத்துவிடும், அதற்கப்புறம் அந்த நோட்டீஸில் யாரும் ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது, மெக்கானிக் இப்படியே இருக்க வேண்டியதுதான். “போடாத. எனக்கு இது பழகிடுச்சு, ஒரு வருத்தமும் இல்ல” என்றது சட்டை.

மனைவி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், மூக்குக்கண்ணாடிக்கு மேலே தடவிப் பார்த்து, இடது பக்கம் உள்ளங்கையை வைத்தாள். இத்தனை மாதம் இது தோன்றவே இல்லையே என்று அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. “அன்னைக்குக் கேட்டேனே. மறைச்சீங்களா?”

“இல்ல.”

புருவம் அசையவில்லை.

“இப்படியே இருக்கறதுல வருத்தம் இல்லையா?”

“இல்ல.”

அவள் கைக்குக் கீழே புருவம் அரை அங்குலம் ஏறியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் கையெழுத்து போட்டா இவர் மறைச்சார்னு ஆயிடும் சார். இவர் மறைக்கல” என்றாள் மனைவி. பிறகு படிவத்தை இழுத்து ‘காணவில்லை. தொட்டேன்’ என்று எழுதினாள். கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். தொடுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஐந்து மணி ஆனதும் கோப்பைக் கட்டிக்கொண்டு, தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. வீடு இருக்கிறது, லிஃப்டுகள் ஓடுகின்றன. கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் வீட்டு லிஃப்டைச் சட்டைதான் பார்த்துக்கொள்கிறது. மெக்கானிக்குக் கொஞ்சம் வழுக்கை விழுந்திருப்பது மனைவியின் கைக்குத் தெரியும். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே அவள் கையை நீட்டி அவர் முகத்தில்தான் விழிக்கிறாள். மருந்து சாப்பிட்டீர்களா, முட்டி வலிக்கிறதா, மகள் ஞாபகமா என்று முக்கியமான எதைக் கேட்பதானாலும் இடது புருவத்தில் கையை வைத்துக்கொண்டுதான் கேட்பாள். சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்கும்போது மட்டும் கையை எடுத்துவிடுவாள்.