ரெய்னோ லஹ்தியின் சுத்தமான தாள்கள்

ரெய்னோ லஹ்தி எங்கள் குழுவில் சேர்ந்த மூன்றாவது சனிக்கிழமையே எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

நான் மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். டாக்டர் கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டுக்கொண்டு வந்து மாத்திரை கேட்பவர்களைத் தாளை வாங்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அதனால் என் மூக்கின்மேல் எனக்குக் கொஞ்சம் அதிக நம்பிக்கை.

அமெரிக்காவின் வடக்கே, டுலூத் நகரில் எங்கள் பேட்டை நூலகத்தின் பின்னறைதான் நாங்கள் கூடும் இடம். சனிக்கிழமை காலை பத்து மணி. குழுவை ஆரம்பித்தவர் லோர்னா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். எஃப்ரெயின் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். மூன்றாவது ஆள் நான், மாரிட். இரண்டு வருஷமாகக் குவாண்டம் இயற்பியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, பரீட்சையும் இல்லை. வாரத்துக்கு ஒரு கணக்கு. கல்லூரி நாளில் நான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய இயற்பியல் புத்தகத்திலிருந்து எடுத்து நான்தான் தட்டச்சு செய்து அனுப்புவேன். வீட்டில் போட்டு வர வேண்டும். ஒருவர் பலகையில் விளக்க, மற்றவர்கள் குடைந்தெடுக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் விடைகள் முழுக்க இணையத்தில் கிடக்கின்றன. அங்கே போய்த் தேடக்கூடாது என்பது மட்டும்தான் எங்கள் சட்டம்.

நவம்பரில் முதல் பனி விழுந்த வாரம் லஹ்தி வந்தார். வயது அறுபத்தெட்டு. நாற்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். கல்லூரிப் படியேறாதவர். கையில் ஏலக்காய் போட்ட ஃபின்லாந்து ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அதோடு லோர்னா அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்.

முதல் வாரமே அவர் கொடுத்த விடைத்தாளைப் பார்த்து அசந்துபோனேன். நீல மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், நேர்கோடாக நாலு பக்கம். அடுத்த வாரமும் அப்படியே. என் தாளோ கோழி கிளறிய குப்பை.

"ரெய்னோ, நீங்களே பலகையில போட்டுக் காட்டுங்களேன்" என்றார் லோர்னா, மூன்றாவது வாரம்.

அவர் எழுந்து போனார். இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரியில் பேனா நின்றது. காது சிவந்தது. "வீட்ல வந்துச்சு... இப்ப வர மாட்டேங்குது" என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

வீட்டில் வந்ததாம். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். டிசம்பரில் ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் லஹ்தியின் டிரக் நின்றது. உள்ளே அவர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் இருந்த எதையோ பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். நான் நெருங்கியதும் அதை அவசரமாக இருக்கைக்குக் கீழே தள்ளினார்.

"குளிருது இல்ல?" என்று சிரித்தார்.

"ரொம்ப" என்றேன்.

எஃப்ரெயினிடம் மெல்லச் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கினான். "காப்பியடிச்சா என்ன மாரிட்? நாம என்ன மெடலா குடுக்கறோம்? ரொட்டி நல்லா இருக்கு, விடு."

"ரொட்டிக்காக மானத்த விக்கிறியா?"

"நீ கடையில மாத்திரை எண்ணி எண்ணி எல்லாரையும் திருடனாப் பாக்கற."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் வருவதற்கு முன்னால் அந்த அறையில் கெட்டிக்காரி நான்தான். பத்தொன்பது வயதில் இயற்பியல் படிக்க ஆசைப்பட்டு, வீட்டில் சோறு போடுகிற படிப்பைப் படி என்று சொல்ல, மருந்தியலுக்குப் போனவள். அந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் என்னுடையதாக இருந்தது. அதை ஒருவர் திருட்டு விடையால் பறித்துக்கொள்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜனவரியில் ஒரு பொறி வைத்தேன்.

அந்த வாரக் கணக்கு, கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்தில் அகப்பட்ட துகளைப் பற்றியது. பள்ளத்தின் வடிவத்தைச் சொல்லும் சூத்திரத்தில் கடைசியாகச் சின்ன உறுப்பு ஒன்று உண்டு. துகளின் மிகக் குறைந்த ஆற்றல் என்ன என்று கேள்வி. அந்தச் சின்ன உறுப்பின் முன்னால் புத்தகத்தில் இருந்தது கூட்டல் குறி. நான் அதைக் கழித்தலாக மாற்றி எல்லோருக்கும் அனுப்பினேன். நேர்மையாகப் போடுகிறவர்களுக்கு ஆற்றல் கொஞ்சம் குறைந்து வரும். இணையத்தில் பார்த்து எழுதுகிறவருக்குக் கொஞ்சம் கூடி வரும்.

சனிக்கிழமை நான்கு தாள்களும் மேசைக்கு வந்தன. லோர்னாவுக்குக் குறைந்திருந்தது. எஃப்ரெயினுக்குக் குறைந்திருந்தது. நானும் போட்டுப் பார்த்திருந்தேன், குறைந்துதான் வந்தது. லஹ்தியின் தாளை எடுத்தேன். அதே நீல மை. கூடியிருந்தது.

என் நெஞ்சு படபடத்தது. சந்தோஷத்தில்தான்.

"லஹ்தி, உங்க விடை வேற மாதிரி வந்திருக்கே?"

"ஆமா" என்றார் மெதுவாக.

"ஏன்னு நான் சொல்லட்டுமா? நான் இந்தக் கணக்க வேணும்னே மாத்தி அனுப்பினேன். நீங்க போட்டிருக்கறது புத்தகத்துல இருக்கற கணக்கு. நான் அனுப்பாத கணக்குக்கு உங்களுக்கு எப்படி விடை வந்துச்சு?"

லோர்னா கண்ணாடியைக் கழற்றினார்.

லஹ்தி என்னையே பார்த்தார். "வேணும்னேவா மாத்தினே?"

"வேணும்னுதான்."

"நான் கை தவறிப்போச்சுன்னு நெனச்சேன்." எழுந்தார். பலகைக்குப் போனார். இந்த முறை சூத்திரம் எழுதவில்லை. ஒரு கிண்ணம் வரைந்தார். அதன் விளிம்பு இரண்டு பக்கமும் வெளியே மடிந்து, கீழே இறங்கி, பலகையின் அடிவரை போனது.

"நீ அனுப்பின கழித்தல் குறிய வெச்சா கிண்ணம் இப்படி ஆயிடுது. நடுவுல பாத்தா பள்ளம். ஆனா தூரத்துல ரெண்டு பக்கமும் அடியே இல்லாத கெணறு. இந்தத் துகள் என்னிக்கானா ஒருநாள் விளிம்புக்குள்ள பூந்து வெளிய போய் விழும். விழுந்துக்கிட்டே இருக்கும். அப்ப மிகக் குறைஞ்ச ஆற்றல்னு ஒண்ணு எங்க இருக்கு? கேள்வியே தப்பு."

எஃப்ரெயின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "அட, ஆமா! நாம சூத்திரத்துல போட்டு முறுக்கினோம், எதோ வந்துச்சு, எழுதிட்டோம்."

"கூட்டல்னா கேள்வி சரியா வருது" என்றார் லஹ்தி. "அதான் அப்படி வெச்சுப் போட்டேன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"எல்லார் முன்னாடியும் உன் தப்பச் சொல்லணுமா? இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ நீ நம்பர மாத்தி டைப் அடிச்சிருந்தே, கணக்கு நிக்கல. நானே திருத்திக்கிட்டேன்."

அந்த இரண்டு வாரமும் எங்கள் மூவருக்கும் ஒரே விடை வந்திருந்தது, அவருக்கு வேறு விடை. அவர் தப்பாகப் போட்டிருக்கிறார் என்று நான் பெருந்தன்மையாக விட்டிருந்தேன்.

"அப்போ டிரக்ல? பாத்துப் பாத்து எழுதினீங்களே? என்னைப் பாத்ததும் ஒளிச்சீங்களே?"

அவர் மேல்கோட்டின் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து மேசையில் போட்டார். மளிகைக்கடைப் பழுப்புப் பைகள், கத்தரியால் வெட்டி விரித்தவை. இருபதுக்குக் குறையாது. எல்லாவற்றிலும் பென்சில் கிறுக்கல். அடித்து, அழித்து, ஓட்டை விழுந்து.

"பாத்துதான் எழுதினேன். இதைப் பாத்து. ஒரு கணக்குக்கு எனக்கு அஞ்சு நாள் ஆகுது மாரிட். படிச்சவங்க நடுவுல இந்தக் குப்பையக் காட்ட வெக்கமா இருந்துச்சு. பின்னால நாலு பேர் நின்னு பாத்தா எனக்குக் கை ஓடாது. லிஃப்ட் குழியில தனியாவே வேல பாத்தவன்."

காகிதங்களை அவர் திரும்ப எடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீ" என்றார் லோர்னா. அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் லஹ்தி வரவில்லை. எஃப்ரெயின் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் அனுப்பிய கணக்கை இருவரும் என் புத்தகத்தை வாங்கி, என் கண்ணெதிரிலேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறிக்குக் குறி, விரலை வைத்து. என்னைச் சந்தேகப்பட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உறைந்த ஏரிமேல் காற்று பனித்தூளை வாரிக்கொண்டு போனது.

மறுநாள் அந்தப் பழுப்புக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மண்வெட்டியால் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "நீங்க திருடல. எனக்குத்தான் பொறாம."

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எல்லாத்தையும் படிச்சியா?" என்று காகிதங்களைக் காட்டினார்.

"படிச்சேன். பதினோராவது தாள்ல நீங்க போட்ட வழி எனக்குத் தோணவே இல்ல."

"அது தப்பான வழி."

"தெரியும். ஆனா அழகா இருந்துச்சு."

அவர் மண்வெட்டியால் இன்னும் ஒரு வாரு பனியைத் தள்ளினார். "சனிக்கிழம வர்றேன். உனக்காக இல்ல. புத்தகத்துல துகளோட சுழற்சி அத்தியாயம் ஆரம்பிக்குது, அதுக்காக."

வந்தார். ரொட்டி கொண்டுவரவில்லை. கணக்குகளை இனி எஃப்ரெயின்தான் அனுப்புவான் என்று லோர்னா அறிவித்தார். நான் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அன்று பலகை முறை என்னுடையது. ஆறு வரி எழுதினேன், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நாலாவது வரியில தப்பு" என்றார் லஹ்தி, அறை முழுவதும் கேட்கும்படி. "அங்கிருந்து எல்லாமே தப்பு."

முகம் சுட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. பென்சிலும் பழுப்புக் காகிதமுமாக எனக்காகக் காத்திருந்தார். நான்காவது வரி முதல் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.