கூடம் வழியாக

ஸ்ட்ரெச்சர் பின்வாசலில் திரும்பவே இல்லை. தலைப்பக்கத்தைத் தூக்கினால் கால்பக்கம் ஃபிரிட்ஜில் இடித்தது. கால்பக்கத்தை நகர்த்தினால் கதவு நிலை குறுக்கே நின்றது. ஆம்புலன்ஸ் டிரைவர் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"வேற வழி இல்லையா சார்?"

"இருக்கு. கூடம் வழியா," என்றார் தம்பி. "அங்க ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

அக்கா விருந்தினர் விடுதியாக நடத்திய அந்த மலைவீட்டில் தலை நரைத்த பிறகும் அவருக்குத் தம்பி என்றுதான் பேர். அக்கா அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, தங்க வருகிறவர்களும் சாமான் கொண்டுவருகிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் வாய்தவறி அவர் மனைவியே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சரில் போர்த்திக் கிடந்தது அக்கா. காலையில் பாலைக் காய்ச்சி இறக்கியவள், "முதுகு வலிக்குது, கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்று தன் அறைக்குப் போனாள். டாக்டர் மலையேறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த வலி ஒரு மாதமாகவே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் "இந்தக் கூட்டம் போகட்டும்டா" என்றாள். ஒரு கூட்டம் போனால் அடுத்தது வந்தது.

தம்பிக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் பொத்துக்கொண்டு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் விறகுவெட்டி கட்டிய கொட்டகை மாதிரி இருக்கும் வீடு அது. உள்ளே பாதத்துக்கு இதமாகச் சூடேறும் தரை, ஆளை விழுங்கும் மெத்தைகள், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வெந்நீர்த் தொட்டி. புத்தம்புதுப் பலகைகளை ஆள் வைத்துச் சுரண்டிப் பழசாக்கியவள் அக்கா. தனக்கு மட்டும் சமையலறைக்குப் பின்னால், ஓதம் ஏறிய சுவரோரம் ஒரு கட்டில். "மாடிக்கு வாயேன்க்கா" என்றால், "அது வர்றவங்களுக்குடா" என்பாள். ஆட்கள் தங்கியிருக்கும்போது வீட்டார் கூடத்தில் கால் வைக்கக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான்.

நேரம் பார்த்து விசில்காரர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். வந்திருந்த ஆபீஸ் கூட்டத்துக்குத் தலைவர் அவர். விளையாட்டு நடத்துவதற்காகக் கழுத்தில் விசில் தொங்கியது. கதவு மறைத்ததால் ஸ்ட்ரெச்சர் அவர் கண்ணில் படவில்லை.

"தம்பி, தொட்டில தண்ணி வெதுவெதுன்னுகூட இல்ல. சொல்லி எவ்ளோ நேரமாச்சு? அக்காவைக் கூப்பிடுங்க. அவங்ககிட்ட சொன்னாத்தான் வேலை நடக்கும்."

பக்கத்தில் நின்ற மனைவி தம்பியின் கையைப் பிடித்தாள். இவர் உதறினார்.

"கூப்பிட முடியாது சார். இறந்துட்டாங்க."

விசில்காரர் சிரிக்கப் போனார். இவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எப்ப?"

"காலையில டீ இன்னும் வரலைன்னு மணி அடிச்சீங்களே, அப்ப."

சொன்னதும் நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. அடுத்த நொடியே முன்னைவிடக் கனத்தது.

கூடம் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். முன்னால் டிரைவர், பின்னால் தம்பி. நீள மேசையில் சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அணைந்தது. பாட்டை நிறுத்தப் போன யாரோ பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அப்புறம் நிறுத்தினார். விசில்காரர் ஓடிவந்து ஒரு பக்கம் தாங்கினார். தம்பியின் செருப்பு பின்வாசலிலேயே கிடந்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தரையில் அவர் வெறுங்காலோடு நடந்ததில்லை. சூடு உள்ளங்காலில் சுகமாக ஏறியது. அந்தச் சுகமே அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

அக்காவை வண்டியில் ஏற்றியதும் விசில்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "நாங்க இப்பவே காலி பண்ணிடறோம் தம்பி. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

தொலைந்து போங்கள் என்று சொல்லத்தான் தம்பி வாயைத் திறந்தார். "பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்காதீங்க. இருட்டறதுக்குள்ள கெளம்பினாப் போதும்" என்றுதான் வந்தது. அச்சு அசல் அக்கா. தன்மேலேயே கோபம் பொங்க, டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். தங்க வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கீழே வருவதாக வாசலிலிருந்து மனைவி ஜாடை காட்டினாள்.

முதல் வளைவிலேயே வண்டி நின்றது. வெளுத்த துணியோடு மேலே வந்த சலவைக்காரரின் வேன் மூக்கோடு மூக்காக நின்றது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, யாருக்கு என்ன? தங்க வந்தவங்களா?"

"இல்ல. அக்காவுக்கு."

"ஐயோ! நிக்காதீங்க, நிக்காதீங்க. நான் பின்னால எடுக்கறேன். ஒண்ணும் ஆகாது தம்பி, சரியாயிடும்!"

தம்பி தலையை மட்டும் ஆட்டினார். ஒதுங்க இடமில்லாத பாதையில் வேன் பின்னோக்கியே இறங்கத் தொடங்கியது. கல்லில் ஏறி விழுந்து, ஓரத்துச் செடிகளை உரசி, அசுர வேகம்.

டிரைவர் மெல்லக் கேட்டார். "அவசரமில்லன்னு அவர்ட்ட சொல்லிடட்டுமா சார்?"

"வேணாம். போகட்டும்."

சலவைக்காரர் கழுத்தைத் திருப்பிப் பின்பாதையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வெள்ளை விரிப்புகள் அடுக்குக் கலைந்து அவர் தோள்மேல் சரிந்தன. அவர் அதைத் தள்ளிவிடக்கூடக் கையை எடுக்கவில்லை.