தவளைத் தோலின் எட்டு மில்லிகிராம்

திரையில் சுழல்வேகம் பூஜ்ஜியம். சுழற்றும் காற்றை இரண்டு முறை கூட்டியும் பூஜ்ஜியம்தான். லியோனி திரையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

ஆள் உயரக் காந்தத்துக்குள், சுண்டுவிரல் நுனியளவு உருளை ஒன்றில் அவளுடைய எட்டு மாத உழைப்பு அடைபட்டுக் கிடந்தது. குவீன்ஸ்லாந்து மரத்தவளையின் தோலில் சுரக்கும் குட்டிப் புரதம், கொழுப்புப் படலத்தில் கலந்தது, எட்டே மில்லிகிராம். மருந்துக்கு மசியாத கிருமியை அது கொல்லும். எந்த வடிவெடுத்துக் கொல்கிறது என்பதை, உருளையைக் காந்தத்துக்குள் தலைதெறிக்கச் சுழலவிட்டால்தான் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காவிட்டால் இந்த மாதத்தோடு ஆய்வுக்கு மூடுவிழா. வேறு மாதிரியும் கையில் இல்லை.

"இன்னுமா சுத்தல?" என்றான் டெஸ்மண்ட். பக்கத்து ஆய்வகக்காரன், பன்னிரண்டு மணிக்குமேல் கருவி அவன் முறை. கையில் பாதி தின்ற லேமிங்டன் கேக். "உன் தவளை தூங்குது போல. காத்தை நல்லாத் தொறந்து விடு, தன்னால எந்திரிக்கும்."

"வெடிச்சா?"

"கூட்டி அள்ளிக்கலாம். தொடப்பம் நான் தர்றேன்."

பாவி, சிரிக்க வேறு செய்கிறான். ஆனால் வேறு வழி? விசைப்பலகைக்குப் போன விரலை என்னவோ தடுத்தது. எழுந்துபோய்க் காந்தத்தருகே காது கொடுத்தாள். மெல்லிய விசில், ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில். நிற்கிற உருளை விசிலடிக்குமா?

"டெஸ், மெல்லுறத நிறுத்து. கேளு."

கேட்டான். "நல்லாவே சுத்துதே. அப்புறம் ஏன் ஜீரோ காட்டுது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் பிசுக்குப் போக உருளையை ஆல்கஹால் தொட்டு அழுத்தித் துடைத்தாளே! அடிவிளிம்பில் பாதிக்குப் பூசியிருந்த கறுப்பு மையும் துணியோடு போயிருக்கும். அந்தக் கறுப்பு கடந்துபோவதை எண்ணித்தான் கருவி வேகம் சொல்லும். இன்னொரு தடவை காற்றைக் கூட்டியிருந்தால் உருளை சுக்குநூறு.

காற்றை நிறுத்தி உருளையை வெளியே எடுத்தாள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. டெஸ்மண்ட் அதையே பார்த்தான்.

"போன வருஷம் என்னோடது வெடிச்சுதே, அதுவும் இப்படித்தான் ஜீரோ காட்டுச்சு," என்றான். "நானும் தொடச்சுட்டுத்தான் வச்சேன். மெஷின் மேல பழியப் போட்டேன்." சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து நீட்டினான். "பூசு. என் நேரத்தையும் நீயே எடுத்துக்க."

மாலை நான்கு மணிக்குத் திரையின் வரைகோட்டில், இரைச்சலுக்கு மேலே முகடுகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. எல்லாம் சுருள் வடிவத்துக்கு உரிய இடத்தில். தண்ணீரில் உருவமற்றுக் கிடந்த புரதம், கொழுப்பில் கச்சிதமாகச் சுருண்டிருந்தது. லியோனி வெட்கமில்லாமல் அழுதாள்.

"அப்ப தொடப்பம் வேணாம்ல?" என்றான் டெஸ்மண்ட்.