பேப்பரில் வந்த விலாசம்

வக்கீல் வைக்காமல் விவாகரத்து வாங்கப்போகிறேன் என்றதும் சிரிக்காத ஆளில்லை. தன் கையே தனக்குதவி என்று மனுவை நானே எழுதினேன். கட்டிய நாளிலிருந்து அடித்துக்கொண்டிருந்தவன் கடைசியில் அரிவாளை எடுத்தான். கைக்குழந்தை கனியைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரத்திலிருந்து ஓடிவந்தேன். அந்த வாரமே என் புருஷன் சுடலைராஜும் ஊரைவிட்டுப் போய்விட்டான். அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் பேட்டையில் இருப்பது அவனுக்குத் தெரியாது. கனி பள்ளிக்குப் போகிற வயதுவரை அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

கோர்ட் அனுப்பிய நோட்டீஸ், ஆளில்லை என்று திரும்பி வந்தது. அப்படியானால் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். அது வந்த அன்று வண்ணார்பேட்டையில் பேப்பர் வாங்கி, கடை வாசலிலேயே பிரித்தேன். இன்ன தேதியில் கோர்ட்டுக்கு வராவிட்டால் அவனில்லாமலே தீர்ப்பாகும் என்று போட்டிருந்தது. மேலே மனுதாரர் முத்துராணி, பேட்டை, தெருப் பெயர், கதவு எண். எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். இந்த விலாசத்தை வெளியே விடலாமா என்று ஒரு வக்கீல் கேட்டிருப்பார். எனக்குத் தோன்றவேயில்லை. என் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ.

அதற்குப் பிறகு கனியைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டிவந்தேன். வாய்தா அன்று மட்டும் பக்கத்து வீட்டு ஜெசியிடம் சாவியைக் கொடுத்து, பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னேன்.

கோர்ட்டில் அவன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. என் சாட்சியத்தை எழுதிக்கொண்டு, இனித் தீர்ப்புதான் என்றார்கள். பயந்தாங்கொள்ளி, கோர்ட்டுக்கு வர அவனுக்கு ஏது தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் சந்தோஷத்தில் அழுதுகூட விட்டேன்.

ஜெசி வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள். புருஷன் இல்லாதவளுக்கு யார் வீடு தருவார்கள்? அவன் துபாயில் இருக்கிறான் என்றுதான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

“சொல்லவே இல்லியேக்கா, அண்ணன் துபாய்லருந்து வந்திருக்காவ. கல்யாண போட்டோல்லாம் காட்டுனாவ. சாவியக் குடுத்து, கனியையும் அவுககிட்ட விட்டுட்டேன்.”

ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கனி, கனி என்று தட்டினேன். அவள் குரல் வரவில்லை.

“பைய தட்டு, பிள்ள பயந்திரும்,” என்றான் சுடலைராஜ் உள்ளிருந்து. “கோர்ட்டுல எம்பேரச் சொல்லிக் கூப்ட்டாவளா?”