கொளஞ்சியின் ஓரக்கண்

களமருதூரில் நடவுக்கு ஆள் கூப்பிட்டால் கொளஞ்சியம்மாள் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். பத்துப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகரும்போது, தலை நிமிராமலே இரண்டு பக்கத்து ஆளோடும் அடி பிசகாமல் போவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முன்பு அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. ஒருமுறை சேற்றிலேயே விழுந்தவளைப் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த சாலம்மாள்தான் தூக்கி வரப்பில் கிடத்தினாள். எத்தனையோ மாத்திரைக்கு அடங்காதது, ஒரு டாக்டர் கடைசியாக எழுதிக்கொடுத்த மாத்திரைக்கு அடங்கியது. இரண்டரை வருடமாக ஒரு வலிப்புகூட இல்லை.

ஐப்பசி நடவில்தான் கோளாறு தெரிந்தது.

"இன்னா கொளஞ்சி, எங்க பாத்துக்கினு நடுற? ஒரு முழம் சந்து வுட்டுட்டு வர்ற!" என்று கத்தினாள் சாலம்மாள்.

திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இடப்பக்கம், நாற்றே இல்லாமல் கோணலாக ஒரு பட்டை வெறும் தண்ணீர். பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. அந்த வாரமே சோற்றுச் சட்டியை இடறிக் கவிழ்த்தாள். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள். ரோட்டைக் கடக்கையில் பக்கத்திலிருந்து வந்த பைக் அவள் முந்தானையை உரசிப் போனது.

"நடக்கறப்ப இன்னா யோசனை உனக்கு?" என்று புருஷன் முனியன் திட்டினான்.

யோசனை ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு காலையில் வாசலில் நேராகப் பார்த்தபடி நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். கைகளையே காணோம். விரல்களை ஆட்டிக்கொண்டே மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள். கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் விரல் தெரிந்தது. முனியனைக் கூப்பிட்டு அதையே செய்யச் சொன்னாள்.

"நீட்டுன உடனே தெரியுதே," என்றான் அவன்.

மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

மாத்திரை கொடுத்த டாக்டர், வலிப்பு நின்றதே பெரிய விஷயம் என்றார். கண் பரிசோதித்த இடத்தில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாசித்தாள். கண்ணாடிகூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. வா, வூட்டுக்குப் போவலாம்," என்றான் முனியன்.

"நான் வரல. இன்னொரு டாக்டரைப் பாக்கணும்."

அப்படித்தான் கண் டாக்டர் ரம்யாவிடம் போனார்கள். கொளஞ்சி மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"நேரா கொசு பறந்தாக்கூடத் தெரியுதுங்க. பக்கத்துல மாடே வந்தாலும் தெரியல. இந்த மாத்திரை சாப்புட ஆரம்பிச்ச அப்புறம்தாங்க இப்படி." எழுந்து நின்று கைகளை நீட்டிக் காட்டினாள்.

அட்டையில் இருந்த பெயரைப் படித்த டாக்டர் உடனே எழுந்துவிட்டார். ஒரு மிஷினில் தாடையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் ஒன்றுமே தெரியாததால் மிஷின் ரிப்பேர் என்றுகூட நினைத்தாள். வெளியே வந்த தாளில் சுற்றிலும் கறுப்பு. நடுவில் மட்டும் சின்ன வெள்ளை.

"நீங்க சொன்னது அத்தனையும் சரிம்மா," என்றார் டாக்டர். "சில பேருக்கு இந்த மாத்திரையால ஓரப் பார்வை போயிடும். நடுப் பார்வை நல்லா இருக்கறதால எழுத்துப் பலகையில தெரியாது. போனது திரும்பி வராது. இதுக்கு மேல போவாமப் பாத்துக்கலாம்."

முனியன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். கொளஞ்சியும் அழுதாள். ஆனாலும் அந்த அழுகைக்குள்ளேயே அவளுக்குத் தலை நிமிர்ந்தது. அவள் கை பிசகவில்லை. புத்தியும் பிசகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முனியன் மாத்திரையை எடுத்து வாய்க்காலில் வீசப் போனான். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"சட்டுனு நிறுத்துனா வலிப்பு ஜாஸ்தியா வரும்னு டாக்டர் சொன்னாங்களே, காதுல வுழல? கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும்."

புது மாத்திரையைச் சேர்த்துப் பழையதைக் குறைக்க நாலு மாதம் ஆனது. மாசியில் ஒரு வலிப்பு வந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, அன்றைய மாத்திரையைக் கணக்குத் தப்பாமல் போட்டுக்கொண்டாள். சாலம்மாளிடம் தானே போய் விஷயத்தைச் சொன்னாள்.

"தெரியாமச் சிரிச்சிட்டோம்டி," என்று சாலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நீ ஓரத்துல நில்லு. ஒரு பக்கம் வரப்பு, இன்னொரு பக்கம் நான்."

வேகம் பாதியானது. வேலை நிற்கவில்லை.

சித்திரையில் மறுபடி சோதித்தபோது கறுப்பு ஒரு இழைகூடக் கூடியிருக்கவில்லை. அன்றைக்குக் கல்வராயன் மலையிலிருந்து சடையன் என்பவர், அதே மாத்திரை சாப்பிடும் பத்து வயது மகளோடு வந்திருந்தார். கொளஞ்சியைப் பார்த்த பிறகு டாக்டர் ரம்யா சும்மா இருக்கவில்லை. மாத்திரை கொடுத்த டாக்டரிடம் பேசி, அதைச் சாப்பிடுகிற எல்லோரையும் வரவழைத்துச் சோதித்திருக்கிறார். அந்தக் குழந்தைக்கு ஓரம் அப்போதுதான் லேசாக மங்க ஆரம்பித்திருந்தது.

"நல்ல வேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சோம். இவங்க வுடாமக் கேட்டதாலதான்," என்று கொளஞ்சியைக் காட்டினார் டாக்டர்.

சடையன் கைகூப்பினார். கொளஞ்சியும் பதிலுக்குக் கைகூப்பினாள்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேங்க, அவ்ளோதான்," என்றாள். அப்புறம், அது முழு உண்மை இல்லை என்று பட்டதால், "நம்புற வரைக்கும் சொன்னேன்," என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் முனியன் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்தான். "எங்க வூட்டுக்காரி இருக்காளே, டாக்டருங்களுக்கே எடுத்துச் சொன்னவ."

"சும்மா இருய்யா," என்று ஒரு தடவை சொன்னாள். உளுந்தூர்பேட்டை வருவதற்குள் அவன் அதை இன்னும் மூன்று பேரிடம் சொன்னான். அவள் தடுக்கவில்லை.