ஓச்சோவுக்குப் பிறகு

அந்தக் குளிர்க்கிடங்கில் எட்டு மேலங்கிகள் இருந்தன. ஆகவே எட்டு எண்கள் போதும் என்று நிர்வாகம் முடிவு கட்டியிருந்தது. கம்பளிக்கு ஏற்ற கணக்கு, கணக்கிற்கு ஏற்ற கல்வி! பல மொழிக்காரர்கள் உழைத்த இடம் அது. எண்ணுவதற்கு மட்டும் முதலாளியின் ஸ்பானிய மொழி. வேலை முடிந்து வெளியேறுகிறவர் ஒவ்வொருவரும் தம் எண்ணைக் கூவ வேண்டும். ஊனோ, தோஸ், த்ரேஸ் என்று தொடங்கி, எட்டு என்று பொருள்படும் ஓச்சோ காதில் விழுந்ததும் கதவுக்காரி தாழ்ப்பாள் போட வேண்டும்.

கதவு வேலைக்குப் புதிதாக வந்தவள் அந்த எட்டையும் பாத்திரம் துலக்கியபடியே படித்தாள். பாடம் கேட்க வாயாடி நாத்தனார் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, நாலுக்கு என்ன?"

"குவா... குவாத்ரோ."

"வாத்து மாதிரி கத்தாதீங்க! எட்டோட ஏன் நிறுத்துறீங்க? ஒன்பது நுவேவே, பத்து தியேஸ். போன்லயே இருக்கு. சும்மா படிங்க."

மறுநாள் கிடங்கில் அவள் பெருமையோடு ஒன்பதைச் சொல்லிக் காட்டியபோது, தூக்குவண்டி ஓட்டுகிறவரின் முகம் கறுத்தது. கோடையிலும் கழற்றாத மப்ளரே அவருக்குப் பெயராகியிருந்தது.

"அத இங்க சொல்லாதம்மா. முன்னாடி ஒருத்தி, ஆள் பத்தலன்னு ஒன்பதாவதா உள்ள போனா. கதவுல நின்னவனுக்கு எட்டுக்கு மேல தெரியாது. அவ நுவேவேன்னு கத்தினா, அவன் தாழ்ப்பாளப் போட்டுட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ தினமும் கத்துறா. நாம தினமும் பூட்டுறோம்."

கதை விடுகிறார் என்றே அவள் நினைத்தாள். அன்று மாலை ஓச்சோவுக்குப் பிறகு, ஆளற்ற இருளிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது: "நுவேவே." அவள் கை தானாகவே தாழ்ப்பாளை இழுத்தது. முதலில் நடுங்கினாள், பிறகு பழகினாள். பழக்கம் பயத்தைவிடக் கொடியது. பயந்தவன் காதைத் தீட்டிக்கொள்வான். பழகியவனோ காதையே கழற்றி வைத்துவிடுவான்!

பெரிய சரக்கு வந்த அன்று கூடுதல் ஆள் தேவைப்பட்டது. வீட்டு ஸ்வெட்டரோடு ஒன்பதாவதாக உள்ளே போனவள் நாத்தனார்.

"என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்காதீங்க அண்ணி!"

மாலையில் எட்டுப் பேர் வந்தார்கள், எட்டு எண்கள் வந்தன. பிறகு உள்ளிருந்து "நுவேவே" வந்தது, ஆள் வரவில்லை. அது நாத்தனாரின் குரலும் அல்ல.

"இது அவதான். சாத்தும்மா," என்றார் மப்ளர். "உன் நாத்தனா லாரி ஏத்துற வாசல் வழியா போயிருப்பா."

"போயிருப்பான்னா? பாத்தீங்களா அண்ணே?"

"திறந்து வச்சா அது வெளிய வந்துரும்!"

"வந்தா வரட்டுமே! உள்ள இருந்தது போதாதா?"

"நுவேவே." இம்முறை குரலில் அவசரம் இருந்தது.

அவள் உள்ளே நுழைந்தாள். பனிப்புகையில் தன் கையே தனக்குத் தெரியவில்லை. குரல் முன்னே சென்றது. அவள் பின்னே சென்றாள். கடைசி வரிசையில், சரிந்த பெட்டிகளுக்கிடையே கால் சிக்கி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள் நாத்தனார். பெட்டிகளைத் தள்ளி, அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மப்ளர் தம் மப்ளரைக் கழற்றி நாத்தனாரின் கழுத்தில் சுற்றினார்.

"ஊர் வாயெல்லாம் உனக்குத்தானேடி! ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"நாக்கே அசையல அண்ணி. பக்கத்துல இருந்த அக்காதான் எனக்காகக் கத்தினாங்க. கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அப்படி ஒரு ஜில்லு... என் நம்பர நீ எடுத்துக்கோ, நீ போன்னு சொன்னாங்க."

மப்ளரின் கை தாழ்ப்பாளை நோக்கி நீண்டது. கதவுக்காரி வாசல் நிலையில் முதுகு கொடுத்து நின்றாள். எண்ணில் அடங்காதவள் என்பதற்காக ஒருத்தியை இருளில் விட்டுவிடுவதா? எண்ணிக்கை குறைவா, இதயம் குறைவா?

அவள் உள்நோக்கித் திரும்பி, ஒன்பதை விட்டுக்கொடுத்தவளுக்காகப் பத்தை உரக்கக் கூவினாள்:

"தியேஸ்!"

குளிரூட்டும் இயந்திரங்கள் சட்டென்று நின்றன. அந்த நிசப்தத்தில், கடைசி வரிசையிலிருந்து, செருப்பில்லாத கால்கள் மெல்லக் கதவை நோக்கி நடந்து வரத் தொடங்கின. அவள் விலகி வழிவிட்டாள். கதவை மட்டும் விடவில்லை.